கருப்பையை எடுக்கக் கடன் வாங்கும் முன்

வாசகரின் கடிதம், சுருக்கமாக

கடிதத்தை எழுதியவர் 23 வயதுப் பெண். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டு விடுதியில் தங்கியிருக்கிறார். சொந்த ஊர் திருத்துறைப்பூண்டி வட்டத்தில், ஆற்றுத் தண்ணீர் எல்லோருக்கும் கடைசியாக வந்து சேரும் ஒரு கடைமடைக் கிராமம். அம்மாவுக்கு வயது 42. நாற்றுப் பறி, நடவு, களை என்று வயல் கூலிக்குப் போகிறவர். அப்பா நெல் கொள்முதல் நிலையத்தில் மூட்டை தூக்கியவர். இடுப்பில் தட்டு விலகியதால் ஓராண்டாகப் பாரம் தூக்க முடியவில்லை. தம்பி பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிறான். அப்பாயிக்குச் சர்க்கரை நோய். மகள் மாதந்தோறும் அனுப்பும் 8,000 ரூபாய்தான் வீட்டின் நிலையான வருமானம். வேலை கிடைக்கும் நாட்களில் அம்மாவின் கூலி அதனுடன் சேரும்.

ஓராண்டுக்கும் மேலாக அம்மாவுக்கு மாதவிடாய் எட்டு, பத்து நாட்கள் நீடிக்கிறது; கட்டி கட்டியாக ரத்தம் போகிறது. வரப்பில் நடந்தாலே மூச்சு வாங்குகிறது, முகமும் காலும் ஊதியிருக்கின்றன. புரட்டாசியில் சம்பா நடவின்போது வயலிலேயே மயங்கி விழுந்திருக்கிறார். உடன் வேலை செய்த பெண்கள் அருகில் உள்ள நகரத்தின் தனியார் மருத்துவமனை ஒன்றில் சேர்த்திருக்கிறார்கள். அங்கே குளுக்கோஸ் ஏற்றியிருக்கிறார்கள். ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 7.1 என்றும், ஸ்கேனில் கருப்பையில் இரண்டரை சென்டிமீட்டர் அளவில் ஒரு கட்டி இருப்பதாகவும் வந்திருக்கிறது. கருப்பையை உடனே எடுக்காவிட்டால் கட்டி புற்றுநோயாகிவிடும், செலவு 75,000 ரூபாய் என்று சொல்லியிருக்கிறார்கள். ஏற்கெனவே ஒரு மகளிர் குழுக் கடன் ஓடிக்கொண்டிருக்க, 50,000 ரூபாய்க்கு இரண்டாவது கடனும், மீதிக்குச் சங்கிலியை அடகு வைப்பதும் என்று வீட்டில் பேசி முடித்திருக்கிறார்கள்.

“அம்மாவே உடம்பைக் கவனித்துக்கொள்ளாமல் இழுத்துவைத்துக்கொண்டார். அரிசியைப் பச்சையாக அள்ளித் தின்கிறார், சொன்னால் கேட்பதில்லை, அதனால்தான் ரத்தம் சுண்டிவிட்டது என்று ஊரில் சொல்கிறார்கள். அரசு மாத்திரையில் பவர் இல்லை என்று போகவே மறுக்கிறார். காப்பீட்டு அட்டை அப்பா பெயரில் இருப்பதால் அம்மாவுக்குச் செல்லாது. கடனை வாங்கி அறுவை சிகிச்சையை முடித்துவிடலாமா? நான் வேலையை விட்டுவிட்டு ஊருக்கு வந்துவிடவா?” என்று கேட்டிருக்கிறார்.

மருத்துவரின் பதில்

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் அம்மாவை இந்த வாரத்துக்குள் அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். குழுக் கடனுக்கு விண்ணப்பித்திருந்தால் அதை நிறுத்திவையுங்கள். இந்த இரண்டையும் இப்போதே சொல்லிவிடுவதற்குக் காரணம், நீங்கள் எழுதியிருப்பதில் உண்மையான ஆபத்து ஒன்று இருக்கிறது, அது நீங்கள் பயந்துகொண்டிருக்கும் இடத்தில் இல்லை என்பதுதான். கட்டியைப் பார்த்துப் பயப்படுகிறீர்கள். நான் 7.1 என்ற எண்ணைப் பார்த்துப் பயப்படுகிறேன்.

கர்ப்பமாக இல்லாத ஒரு பெண்ணுக்கு ஹீமோகுளோபின் டெசிலிட்டருக்கு 12 கிராமுக்குக் குறைந்தால் ரத்தசோகை என்றும், 8-க்குக் குறைந்தால் கடுமையான ரத்தசோகை என்றும் உலக சுகாதார நிறுவனம் வரையறுத்திருக்கிறது. ரத்தம் இந்த அளவுக்கு நீர்த்துப்போனால், உடம்புக்குத் தேவையான பிராணவாயுவைக் கொண்டுசேர்க்க இதயம் வழக்கத்தைவிட வேகமாக உழைக்க வேண்டியிருக்கும். படபடப்பும், மூச்சு வாங்குவதும், காலில் வீக்கமும் அதனால் வருபவை. வயலில் அவர் விழுந்தது வெயிலால் மட்டும் இருக்காது. காலையில் வெறும் தேநீரோடு போய், குனிந்த நிலையில் மணிக்கணக்காகச் சேற்றில் நின்று நட்டவரின் இதயம் அதற்கு மேல் தாங்கவில்லை.

இனி அறுவை சிகிச்சைக்கு வருவோம். ஹீமோகுளோபின் 7.1 இருக்கும் ஒருவருக்கு, உயிர்போகும் அவசரம் ஏதும் இல்லாதபோது, திட்டமிட்டுச் செய்யும் ஒரு பெரிய அறுவை சிகிச்சையைச் செய்வது எந்த மயக்க மருந்து நிபுணரும் விரும்பாத காரியம். அறுவையிலும் ரத்தம் போகும். அதைத் தாங்கும் இருப்பு அவர் உடம்பில் இல்லை. ஆகவே கருப்பையை எடுத்தே ஆக வேண்டும் என்று பிற்பாடு முடிவானாலும்கூட, அதற்கு முன் ரத்தத்தின் அளவை ஏற்றியாக வேண்டும். இந்த ஒரு காரணத்துக்காகவே, ஒரு வாரத்துக்குள் பணத்தைப் புரட்ட வேண்டும் என்ற நெருக்கடி உங்களுக்கு இல்லை.

ரத்தத்தை ஏற்றும் வழி

ரத்தத்தில் இரும்புச் சத்து எவ்வளவு குறைந்திருக்கிறது, மூச்சு வாங்குவது எந்த அளவில் இருக்கிறது என்பதைப் பொறுத்து, மாத்திரை போதுமா, சிரை (ரத்தக் குழாய்) வழியாக இரும்புச் சத்து ஏற்ற வேண்டுமா, ரத்தமே ஏற்ற வேண்டுமா என்று மருத்துவர் முடிவு செய்வார். உங்கள் அம்மாவுக்கு ரத்தப்போக்கு தொடர்ந்துகொண்டே இருப்பதால், மாத்திரையோடு நிறுத்திக்கொள்ளாமல் சிரை வழிச் சிகிச்சை தேவைப்பட வாய்ப்பு அதிகம். இவை எல்லாம் அரசு மருத்துவமனையில் கட்டணமின்றிக் கிடைப்பவை. முறையாகச் சிகிச்சை எடுத்தால் மூன்று, நான்கு வாரங்களில் ஹீமோகுளோபின் ஏறத்தாழ இரண்டு கிராம் உயரும். அளவு சரியான பிறகும், உடம்பில் இரும்பின் சேமிப்பு நிரம்புவதற்காக மேலும் மூன்று மாதங்கள் மாத்திரையைத் தொடர வேண்டும். நம் ஊர்களில் பலர் தலைசுற்றல் நின்ற உடனே மாத்திரையை நிறுத்திவிட்டு, அடுத்த ஆண்டு அதே நிலைக்குத் திரும்பிவிடுகிறார்கள்.

மாத்திரை சாப்பிடும்போது மலம் கருப்பாகப் போகும்; பயப்பட வேண்டாம். சிலருக்குக் குமட்டலும் மலச்சிக்கலும் வரும். அப்போது நிறுத்திவிடாமல் இரவு உணவுக்குப் பிறகு எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். தேநீர், காபியோடு சேர்த்தோ, அவற்றைக் குடித்து ஒரு மணி நேரத்துக்குள்ளோ சாப்பிடக் கூடாது. அவற்றில் உள்ள துவர்ப்புப் பொருள் இரும்பைக் குடலில் சேரவிடாது. சுண்ணாம்புச் சத்து மாத்திரையையும் அதனுடன் சேர்க்கக் கூடாது. எலுமிச்சைச் சாறோ நெல்லிக்காயோ கூட இருந்தால் இரும்பு நன்றாகச் சேரும்.

தனியார் மருத்துவமனையில் ஏற்றிய குளுக்கோஸ் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அரை லிட்டர் பாட்டிலில் இருப்பது 25 கிராம் சர்க்கரை, அதாவது சுமார் ஐந்து தேக்கரண்டி. அதன் சக்தி நூறு கலோரி. இரண்டு இட்லியில் அவ்வளவு கிடைக்கும். அதில் இரும்பு இல்லை, புரதம் இல்லை. வாந்தி, வயிற்றுப்போக்கில் நீர் வற்றிப்போனவருக்குச் சிரை வழியாகத் திரவம் ஏற்றுவது உயிர் காக்கும் சிகிச்சை என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் ரத்தசோகையில் தளர்ந்தவர் “ஒரு பாட்டில் ஏத்திக்கிட்டா தெம்பா இருக்கும்” என்று நம்பி மாதம் ஒருமுறை பல நூறு ரூபாய் கொடுப்பது, ஒரு நாள் கூலியைத் தேக்கரண்டிக் கணக்கில் சர்க்கரையாக மாற்றுவதுதான்.

பச்சரிசியும் பழியும்

அம்மா பச்சை அரிசியைத் தின்பதால் ரத்தம் சுண்டிவிட்டது என்று ஊரில் சொல்வது தலைகீழாகப் புரிந்துகொள்ளப்பட்ட ஒன்று. இரும்புச் சத்துக் குறைந்தவர்களுக்கு அரிசி, மண், சாம்பல், பலப்பம் போன்றவற்றைத் தின்ன வேண்டும் என்ற அடக்க முடியாத ஆசை வருவது மருத்துவம் நன்கு அறிந்த அறிகுறி. அரிசி தின்றது நோயின் விளைவு, நோயின் காரணம் அல்ல. இரும்புச் சத்து ஏறத் தொடங்கினால் பெரும்பாலானோருக்குச் சில வாரங்களில் அந்த ஆசை தானாக விலகிவிடும். இத்தனை நாளாக அதற்காக அவரைத் திட்டியிருந்தால் இனி விட்டுவிடுங்கள்.

அவர் தன் உடம்பைக் கவனிக்கவில்லை என்று நீங்கள் எழுதியிருப்பதையும் நான் அப்படியே ஏற்கவில்லை. உங்கள் கடிதத்தில் நீங்கள் கொடுத்திருக்கும் விவரங்களே வேறு கதையைச் சொல்கின்றன. நடவுக்குக் காலை ஏழு மணிக்கெல்லாம் இறங்க வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் வெளிநோயாளிகளைப் பார்ப்பது அதே வேலை நேரத்தில். கடைமடையில் ஆற்றுத் தண்ணீர் வந்த பிறகுதான் நடவு. மேட்டூர் அணையை வழக்கமாகத் திறக்கும் ஜூன் 12-ஐத் தாண்டியும் உங்கள் ஊர் வாய்க்காலுக்குத் தண்ணீர் வர நாட்கள் ஆகும். அறுவடைக்கு இயந்திரம் வந்துவிட்டதால், முன்பு தை மாதம் முழுவதும் கிடைத்த வேலை இன்று நடவும் களையுமாகச் சில வாரங்களுக்குச் சுருங்கிவிட்டது. பங்குனியிலிருந்து வைகாசி வரை வயலில் வேலை மிகக் குறைவு. வேலை இருக்கும் அந்தச் சில வாரங்களில் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு மருத்துவமனையில் வரிசையில் நிற்பது என்பது அவர் கணக்கில் ஒரு வாரக் காய்கறிச் செலவு. அந்தக் கணக்கைப் போட்டுத்தான் அவர் போகாமல் இருந்திருக்கிறார். அது அலட்சியமில்லை.

இந்தக் கணக்கு கடைசியில் தோற்றுப்போகிறது என்பதுதான் எனக்கு வருத்தம். ஓராண்டுக்கு முன்பே போயிருந்தால் செலவில்லாத மாத்திரையோடும் ஒரு ஸ்கேனோடும் முடிந்திருக்கக்கூடியது, இன்று 75,000 ரூபாயாக வந்து நிற்கிறது. ஏழை வீட்டில் மலிவான சிகிச்சை தள்ளிப்போடப்படுகிறது, விலை உயர்ந்த சிகிச்சை கடன் வாங்கி வாங்கப்படுகிறது. டெல்டாவின் கூலி வீடுகளில் நான் திரும்பத் திரும்பக் காணும் வரிசை இதுதான். உங்கள் வீட்டில் அந்த வரிசையின் இரண்டாம் பாதியைத் தடுக்க இன்னும் நேரம் இருக்கிறது.

இது உங்கள் வீட்டுக்கு மட்டும் நேர்ந்த குறையும் இல்லை. 2019–21-ஆம் ஆண்டுகளில் எடுக்கப்பட்ட ஐந்தாவது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை இருக்கிறது.

கட்டி, புற்றுநோய், கருப்பை

கருப்பையில் வரும் நார்த்திசுக் கட்டி நாற்பது வயதையொட்டிய பெண்களில் மிகப் பரவலாகக் காணப்படுவது. பலருக்கு அது இருப்பதே தெரியாது. அது புற்றுநோயாக மாறுவது மிக மிக அரிது. ‘உடனே எடுக்காவிட்டால் புற்றுநோய்’ என்று இரண்டரை சென்டிமீட்டர் கட்டியைக் காட்டிச் சொல்வதற்கு மருத்துவ அடிப்படை இல்லை. ஆனால் கட்டி சிறியதுதானே என்று ஒதுக்கிவிடவும் முடியாது. கருப்பையின் உள் சவ்வை ஒட்டி அமைந்திருந்தால் சிறிய கட்டியும் பெரும் ரத்தப்போக்கை உண்டாக்கும்; வெளிச் சுவரில் இருந்தால் ரத்தப்போக்குக்கும் அதற்கும் தொடர்பே இல்லாமல் போகலாம். ஸ்கேன் அறிக்கையில் அளவைவிட இடம்தான் முக்கியம். நீங்கள் அனுப்பிய விவரத்தில் அது இல்லை.

அத்துடன், 40 வயதைத் தாண்டிய ஒருவருக்கு ஓராண்டாக இப்படி ரத்தம் போகும்போது, கட்டி கண்ணில் பட்டுவிட்டது என்பதற்காகத் தேடுவதை அங்கேயே நிறுத்தக் கூடாது. கருத்தரிப்புப் பரிசோதனை, தைராய்டு அளவு, கருப்பை வாய்ப் பரிசோதனை, கருப்பையின் உள் சவ்விலிருந்து சிறு துணுக்கு எடுத்துப் பார்ப்பது ஆகியவை தேவைப்படும். உண்மையில் புற்றுநோய் பற்றிக் கவலைப்பட வேண்டிய இடம் அந்த உள் சவ்வும் கருப்பை வாயும்தான். கட்டியைக் காட்டிப் பயமுறுத்தியவர்கள் அவற்றைப் பரிசோதித்ததாக நீங்கள் எழுதவில்லை.

பரிசோதனைக்குப் பிறகு பெரும்பாலும் மருந்துதான் முதல் வழி. மாதவிடாய் நாட்களில் மட்டும் சாப்பிடும், ரத்தப்போக்கைக் குறைக்கும் மாத்திரை இருக்கிறது. ஹார்மோன் மாத்திரைகள் இருக்கின்றன. கருப்பைக்குள் பொருத்தும், ஹார்மோன் சுரக்கும் சிறு சாதனமும் இருக்கிறது. இவை பலன் தராதபோது, அல்லது துணுக்குப் பரிசோதனையில் கவலைக்குரிய மாற்றம் தெரிந்தால், கருப்பையை அகற்றுவது சரியான முடிவாகவே இருக்கும். அப்போது அதைத் தள்ளிப்போடாதீர்கள். நான் அறுவை சிகிச்சைக்கு எதிரி இல்லை. வயிற்றைத் திறந்து செய்தால் ஆறு முதல் எட்டு வாரங்கள் குனிந்து பாரம் தூக்கும் வேலை கூடாது என்பதால் நடவுக் காலம் ஒன்றே கைவிட்டுப் போகும். அந்த இழப்பையும் 75,000-உடன் கூட்டிப் பார்த்துத்தான் தேவையா என்று கேட்கச் சொல்கிறேன். கருப்பையோடு சூலகங்களையும் (கருமுட்டை உருவாகும் உறுப்புகள்) சேர்த்து எடுத்துவிட்டால், 42 வயதிலேயே மாதவிடாய் நின்றவராகி, எலும்புத் தேய்வும் இதய நோய்க்கான வாய்ப்பும் முன்கூட்டியே வந்து சேரும் என்பதையும் அறிந்திருங்கள்.

தேவையின்றிக் கருப்பை அகற்றப்படுவது நாடறிந்த சிக்கல். பிகார், சத்தீஸ்கர், ராஜஸ்தான் மாநிலங்களில் நடந்தவை குறித்த வழக்கில், 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், ஒன்றிய சுகாதார அமைச்சகம் வகுத்த தடுப்பு நெறிமுறைகளை எல்லா மாநிலங்களும் மூன்று மாதங்களுக்குள் நடைமுறைப்படுத்த வேண்டும் என்று உத்தரவிட்டது. அதற்கும் முன்பே, 2008-இல் சமீரா கோலி வழக்கில், மயக்கத்தில் இருந்த பெண்ணின் தாயிடம் சம்மதம் பெற்றுக்கொண்டு கருப்பையையும் சூலகங்களையும் அகற்றியது செல்லாது என்று அதே நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சம்மதம் தர வேண்டியவர் நோயாளி மட்டும்தான். கடிதத்தில் அப்பாவின் கருத்து இருக்கிறது, தாய்மாமாவின் கருத்து இருக்கிறது, உங்கள் கருத்து இருக்கிறது. அம்மா என்ன சொல்கிறார் என்பதை நான் கடைசிவரை தேடினேன். மாத்திரை வேண்டாம் என்றார் என்பதைத் தவிர வேறெதுவும் கிடைக்கவில்லை. அவரிடம் கேளுங்கள்.

தனியார் மருத்துவமனையிலிருந்து ரத்தப் பரிசோதனை அறிக்கை, ஸ்கேன் படம், சிகிச்சைச் சீட்டு ஆகியவற்றின் நகலை எழுத்து மூலம் கேட்டு வாங்குங்கள். கேட்ட 72 மணி நேரத்துக்குள் ஆவணங்களைத் தர வேண்டும் என்பது மருத்துவர்களுக்கான 2002-ஆம் ஆண்டு ஒழுங்குமுறை விதி. அவற்றோடு திருத்துறைப்பூண்டி அரசு மருத்துவமனைக்கோ, நேரடியாகத் திருவாரூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மகளிர் நோய்ப் பிரிவுக்கோ போகலாம். மூச்சு வாங்கும் நிலையில் இருப்பவரை நான் திருவாரூருக்கே அனுப்புவேன். இடையில் ஓய்வில் இருக்கும்போதே மூச்சு முட்டினாலோ, நெஞ்சு வலித்தாலோ, மீண்டும் மயங்கினாலோ, ஒரு மணி நேரத்துக்கு ஒரு துணி நனையும் அளவுக்கு ரத்தம் போனாலோ காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள்.

பவர் இல்லாத மாத்திரை

அரசு மாத்திரையில் பவர் இல்லை என்ற எண்ணம் படித்தவர்களிடமும் இருக்கிறது. அம்மாவை மட்டும் குறை சொல்ல முடியாது. தமிழ்நாட்டின் அரசு மருத்துவமனைகளுக்கு 1994-இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம்தான் மருந்து வாங்கித் தருகிறது. ஆய்வகத்தில் தரப் பரிசோதனை செய்த பிறகே மருந்து விநியோகிக்கப்படுகிறது. வண்ண அட்டையும் விளம்பரமும் இல்லாததால் அது மலிவாகத் தெரிகிறது, அவ்வளவுதான். உங்கள் அப்பாயியின் சர்க்கரை மாத்திரையைக் காசு கொடுத்து மருந்துக்கடையில் வாங்குவதாக எழுதியிருக்கிறீர்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் அது வீட்டுக்கே வரும். கிராம சுகாதாரச் செவிலியரிடம் பெயரைப் பதிந்துவிட்டால் போதும்.

இதைவிட என் கண்ணை உறுத்தியது வேறொரு வரி. ‘அம்மா சாயங்காலமானால் உடம்பு வலிக்குக் கடையில் ஒரு மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்வார்’ என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். வலி மாத்திரைகளில் பலவும் நாள்தோறும் சாப்பிட்டால் இரைப்பையில் புண் ஏற்படுத்தி, கண்ணுக்குத் தெரியாமல் ரத்தத்தைக் கசியவைப்பவை. உறையில்லாமல் பொட்டலமாகத் தருபவற்றில் ஸ்டீராய்டும் கலந்திருக்கலாம். மேலே ஒரு கசிவு, கீழே ஒரு கசிவு என்றால் எந்த இரும்பு மாத்திரையும் தாங்காது. அந்த மாத்திரையின் அட்டையையோ பொட்டலத்தையோ மருத்துவரிடம் கட்டாயம் காட்டுங்கள். இடுப்பு வலிக்காக அப்பாவும் அதையே சாப்பிடுகிறார் என்றால் அவருடைய சிறுநீரகத்தையும் பரிசோதிக்க வேண்டும். மூன்றாவது கசிவு ஒன்றும் இருக்கலாம்: வெறுங்காலோடு ஈர மண்ணில் நிற்பவர்களின் தோல் வழியாக நுழைந்து குடலில் ஒட்டிக்கொண்டு ரத்தம் உறிஞ்சும் கொக்கிப்புழு. அதற்கு அல்பெண்டசோல் 400 மில்லிகிராம் மாத்திரை ஒன்று, மருத்துவர் சொன்னபடி.

அடுப்படியில் செய்யக்கூடியது

‘நல்லா சாப்பிடச் சொல்லுங்கள்’ என்று மருத்துவர்கள் சொல்வது எனக்கு எப்போதும் கூச்சமாக இருக்கும். ரேஷன் கடையில் அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது. துவரம் பருப்பு 30 ரூபாய்க்கு மாதம் ஒரு கிலோ. ஊரில் இப்போது இருக்கும் நான்கு பேருக்கு அதைப் பிரித்தால் ஆளுக்கு ஒரு நாளைக்கு எட்டு கிராமுக்குச் சற்று அதிகம். ஆகவே வயிறு சோற்றால் நிறைகிறது. ரத்தம் ஊறுவதற்கு வேண்டியது வந்து சேர்வதில்லை. குழம்பில் இருக்கும் முட்டை தம்பிக்குப் போகிறது, மீன் அப்பாவுக்குப் போகிறது, கடைசியில் சாப்பிடுகிறவருக்குச் சட்டியில் ஒட்டியிருப்பது. காலை உணவுத் திட்டம் மாநிலம் முழுவதும் அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு விரிவாக்கப்பட்டது 2023 ஆகஸ்டில், நம் நாகப்பட்டினம் மாவட்டத்துத் திருக்குவளையில்தான். பிள்ளை பசியோடு பாடம் கேட்க முடியாது என்பதை நாம் ஒப்புக்கொண்டுவிட்டோம். தேநீரோடு நடவுக்குப் போகிறவரின் காலைப் பசி இன்னும் யார் கணக்கிலும் வரவில்லை.

மாதுளைக்கும் பீட்ரூட்டுக்கும் பணம் செலவழிக்காதீர்கள். சிவப்பாக இருப்பதால் ரத்தம் ஊறாது. கோழி ஈரலும் ஆட்டுச் சுவரொட்டியும் கறியைவிட மலிவு, இரும்பும் அதிகம். வாரம் ஒருமுறை அம்மாவின் தட்டுக்கென்றே வாங்கச் சொல்லுங்கள். முருங்கைக்கீரை வேலியிலேயே இருக்கும். சம்பா அறுவடைக்கு முன் ஈரத்தில் உளுந்தும் பயறும் தெளிப்பது டெல்டா வழக்கம் என்பதால், அவை விளையும் காலத்தில் மலிவாக வாங்கி வைக்கலாம். வயல் நண்டையும் நத்தையையும் ஏழைச் சாப்பாடு என்று ஒதுக்காதீர்கள். பூச்சிமருந்து அடித்த வயலில் பிடிக்காமல், நன்றாக வேகவைத்துச் சாப்பிட்டால் அவை நல்ல சத்து.

இன்னொன்று. ரேஷன் அரிசியில் ‘பிளாஸ்டிக் அரிசி’ கலந்திருப்பதாகச் சொல்லி, தண்ணீரில் மிதக்கும் மணிகளை அம்மா பொறுக்கி எறிகிறார் என்று எழுதியிருந்தீர்கள். அது பிளாஸ்டிக் அல்ல. அரிசி மாவுடன் இரும்பு, ஃபோலிக் அமிலம், பி12 ஆகியவற்றைச் சேர்த்து மணியாக வார்த்து, நூறுக்கு ஒன்று என்ற விகிதத்தில் கலக்கப்படும் செறிவூட்டிய அரிசி. அதனால் மட்டும் அவருடைய சோகை தீராது; என்றாலும், இரும்புக்காக ஏங்கும் ஒருவர் இரும்பு சேர்த்த மணிகளையே தேடி எடுத்துக் கோழிக்குப் போட வேண்டியதில்லை.

அட்டையும் கடனும்

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தின் அட்டை குடும்பத்துக்கானது. குடும்பத் தலைவர் பெயரில் வழங்கப்பட்டாலும், ரேஷன் அட்டையில் பெயர் உள்ள மனைவி, பிள்ளைகள், சார்ந்து வாழும் பெற்றோர் ஆகியோருக்கும் பொருந்தும். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு உட்பட்ட குடும்பங்களுக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை. ‘செல்லாது’ என்று யார் சொன்னார்கள் என்று நீங்கள் எழுதவில்லை. எந்தச் சிகிச்சைக்கு எந்த மருத்துவமனையில் பொருந்தும் என்பதை அரசு மருத்துவமனையில் உள்ள காப்பீட்டு உதவி மேசையில் கேளுங்கள். பணம் வாங்கப்போகிறவரிடம் கேட்காதீர்கள். அறுவை சிகிச்சையே அரசு மருத்துவமனையில் நடந்தால் அட்டை இல்லாவிட்டாலும் உங்களிடம் பணம் கேட்க மாட்டார்கள்.

குழுக் கடன் பற்றி நான் மருத்துவராக அல்ல, பல வீடுகளின் கணக்கைக் கேட்டவனாகச் சொல்கிறேன். ரிசர்வ் வங்கியின் 2022-ஆம் ஆண்டு விதிகளின்படி, உங்கள் குழுக் கடன் போன்ற நுண்கடன்களுக்கு அடமானம் கேட்கக் கூடாது. ஒரு குடும்பம் எல்லாக் கடன்களுக்கும் சேர்த்துக் கட்டும் தவணை மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. காலை 9 மணிக்கு முன்பும் மாலை 6 மணிக்குப் பின்பும் வசூலுக்குத் தொல்லை தரக் கூடாது. உங்கள் வீட்டின் நிலையான வருமானத்தில் முதல் கடனின் தவணை போக என்ன மிஞ்சுகிறது என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். இரண்டாவது தவணை எங்கிருந்து வரும் என்பதற்கு எனக்கு ஒரே விடைதான் தெரிகிறது: அம்மாவின் தட்டிலிருந்து. ரத்தசோகைக்குச் சிகிச்சை என்று வாங்கும் கடன் ரத்தசோகையை வளர்க்கும். பத்து நாட்களில் அரசு மருத்துவமனையின் கருத்து தெரிந்துவிடும். அதற்குள் சங்கிலி எங்கும் ஓடிவிடாது.

வேலையை விட வேண்டாம். உங்கள் 8,000 ரூபாய் நின்றால் அம்மா உடம்பு தேறுவதற்குள் மீண்டும் வயலில் இறங்குவார். மூன்று நாள் விடுப்பு எடுத்து வாருங்கள். முதல் நாள் தனியார் மருத்துவமனையில் ஆவண நகல்கள். இரண்டாம் நாள் காலையிலேயே திருவாரூர், அம்மாவோடு அப்பாவையும் கூட்டிக்கொண்டு, அந்த வலி மாத்திரையையும் எடுத்துக்கொண்டு. மூன்றாம் நாள் கிராமச் செவிலியரைப் பார்த்து அப்பாயியின் பெயரைப் பதிவதும், இரும்பு மாத்திரை தொடர்ந்து கிடைக்க ஏற்பாடு செய்வதும். தம்பிக்குப் பதினேழு வயது. இரவில் அம்மா மாத்திரை போட்டாரா என்று பார்க்கும் பொறுப்பை அவனிடம் கொடுத்துவிட்டுப் போங்கள்.

திருவாரூரில் அம்மாவுக்கு ரத்தம் எடுக்கும்போது உங்களுக்கும் ஹீமோகுளோபின் பார்க்கச் சொல்லுங்கள். இவ்வளவு நீண்ட கடிதத்தில், விடுதிச் சாப்பாடு சரியில்லை என்ற ஒரு வரியைத் தவிர உங்கள் உடம்பைப் பற்றி எதுவுமே இல்லை. 12-க்குக் குறைவாக இருந்தால் மருத்துவர் உங்களுக்கும் இரும்பு மாத்திரை எழுதித் தருவார். திருப்பூருக்குத் திரும்பும்போது அதையும் வாங்கிக்கொண்டு போங்கள்.